பதினான்கு பக்கங்களும் ஒரு கட்டைவிரல் ரேகையும்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், மருந்து ஆய்வுகளுக்கான ஒருங்கிணைப்பாளராக ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். செவிலியர் பட்டப்படிப்பை முடித்து, இரண்டு ஆண்டுகள் வார்டில் பணிபுரிந்த பிறகு இந்தப் பொறுப்புக்கு வந்தேன். ஒரு மருந்தை நோயாளிகளிடம் முறைப்படி ஆராய்ந்து பார்க்கும்போது, அந்த ஆய்வு எதற்காக, அதில் சேர்ந்தால் என்ன நடக்கும், என்ன கெடுதல் வரக்கூடும், விருப்பமில்லை என்றால் எப்போது விலகலாம் என்பதையெல்லாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அந்த மேசையில் மருத்துவரோடு நானும் உட்கார்ந்திருப்பேன். மருத்துவர் அடுத்த நோயாளியைப் பார்க்க எழுந்து சென்ற பிறகும் உட்கார்ந்திருப்பேன்.

மருத்துவத்திலும் ஆய்விலும் எழும் அறக்கேள்விகளை ஆராயும் பயோஎதிக்ஸ் துறையில் சென்ற ஆண்டு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இந்தத் துறைக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் புழங்குகின்றன, எதுவும் இன்னும் நிலைபெறவில்லை. அறம் என்ற சொல் அதற்குள் இருக்க வேண்டும் என்ற விருப்பத்தால் நான் உயிரறவியல் என்று எழுதுகிறேன். விண்ணப்பம் எழுதி முடிக்க எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. என்னைப் போலவே ஆய்வுப் பணியில் இருக்கும் இளையவர்கள் சிலர் எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் படிவங்களையும் கடைசி நாள்களையும் சொல்லிவிடலாம், அவை பல்கலைக்கழகங்களின் தளங்களிலேயே இருக்கின்றன. எனக்கு எட்டு மாதங்கள் ஏன் ஆயின என்பதைச் சொல்வதுதான் அவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு அம்மா எங்கள் மேசைக்கு வந்திருந்தார். அவர் ஊரையும் வயதையும் சொல்லப்போவதில்லை. மகன் துணைக்கு வந்திருந்தார். அந்த அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, சர்க்கரை அளவு குறித்துவைத்த நோட்டு இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒப்புதல் படிவம் பதினான்கு பக்கம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும் என்பது விதி. வேறொரு பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து வந்து உட்காரவைத்து, நாற்பது நிமிடம் ஒவ்வொரு பக்கமாக விளக்கினேன். கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். “நீ சொல்றதெல்லாம் சரித்தான் தாயி. எங்க விரல் வைக்கணும்னு காட்டு” என்றார்.

மையில் தோய்ந்த கட்டைவிரலைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தேன். சாட்சி கையெழுத்திட்டார், மருத்துவர் கையெழுத்திட்டார், படிவத்தின் பிரதி ஒன்று மஞ்சள் பைக்குள் போனது. தணிக்கைக்கு வருகிற எவரும் அந்தக் கோப்பில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவர் போன பிறகு, அவர் ஒப்புக்கொண்டது ஆய்வையா, என்னையா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

இந்த நிகழ்வை நான் என் முதல் வரைவில் எழுதவே இல்லை. ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கட்டுரைதான் விண்ணப்பத்தின் உயிர் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஆகவே, சிறுவயதிலிருந்தே பிறருக்கு உதவும் எண்ணம் எனக்கு இருந்ததையும், பாட்டியின் நோய்ப்படுக்கை அருகில் நான் இருந்ததையும், நோயாளிகளின் உரிமைகளைக் காப்பதே என் லட்சியம் என்பதையும் ஆயிரம் சொற்களில் எழுதியிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் அறநெறிக் குழுவில் சமூக அறிவியல் உறுப்பினராக இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். அவரை நாங்கள் எல்லாரும் மேடம் என்றுதான் அழைப்போம். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை அனுமதிக்கும் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப்பேர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், மருத்துவர்களோடு ஒரு சட்டம் தெரிந்தவரும் ஒரு பொதுமனிதரும் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால்தான் மேடத்தைப் போன்ற ஒருவரை எனக்குத் தெரிந்தது.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதுல நீ எங்கம்மா இருக்க? இந்தப் பக்கத்துல இருக்கற பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. நல்ல பொண்ணுக்கு எதுக்கு அறவியல் படிப்பு? அவளுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், “உனக்குப் பதில் தெரியாத ஒண்ணைச் சொல்லு” என்றார். அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். “இதை விட்டுட்டுப் பாட்டியைப் பத்தி எழுதியிருக்கியே” என்றார்.

உயிரறவியலை நல்லொழுக்கப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதன் வரலாறு வேறொன்றைக் காட்டியது. நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையின் தீர்ப்போடு 1947இல் நியூரம்பெர்க் நெறித்தொகுப்பு வந்தது. ஆய்வுக்கு உட்படுகிறவர் தானே விரும்பித் தரும் ஒப்புதல் இல்லாமல் எதுவும் கூடாது என்பது அதன் முதல் விதி. அந்த விதி எழுதப்பட்டபோதே அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊரில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் போக்கைக் கவனிப்பதற்காகச் சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் அரசு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 1932இல் தொடங்கிய அந்த ஆய்வு, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் நோயுற்றவர்களுக்கு அதைக் கொடுக்காமல் 1972 வரை நீடித்தது. அதை நடத்தியவர்களில் பலர் தம்மைக் கெட்டவர்களாக எண்ணியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. அந்த ஆய்வு வெளியுலகுக்குத் தெரியவந்ததன் விளைவாக 1979இல் வந்த பெல்மாண்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்று மூன்று கோட்பாடுகளை வகுத்தது. நான் மேசையில் விளக்கும் பதினான்கு பக்கங்களும் இந்த வரலாற்றிலிருந்து வந்தவை. ஆறு ஆண்டுகளாக அதைக் கையில் வைத்திருந்தும் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

சில பல்கலைக்கழகங்கள் நோக்கக் கட்டுரையோடு எழுத்து மாதிரி ஒன்றும் கேட்கின்றன. விண்ணப்பதாரர் ஒரு வாதத்தை எடுத்து, எதிர்வாதத்தைச் சந்தித்து, முடிவுக்கு வர முடிகிறதா என்று பார்ப்பதற்காக அதைக் கேட்கிறார்கள். செவிலியர் படிப்பில் வாதம் எழுதக் கற்றுக்கொடுப்பதில்லை. நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறுநீரக விற்பனை. சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பெயர் வந்த காலத்தை என் பெற்றோர் தலைமுறை அறியும். 1994இல் உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு பேசி, மாதவ் கோயலும் உடனிருந்தவர்களும் எழுதிய ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. விற்றவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். அவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்த தொகை 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் 74 விழுக்காட்டினர் ஆய்வின்போதும் கடனில்தான் இருந்தார்கள். 86 விழுக்காட்டினர் தங்கள் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். வேறொருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 79 விழுக்காட்டினர் சொன்னார்கள்.

இந்த எண்களை அடுக்கினாலே வாதம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேடம் விடவில்லை. இவர்கள் கட்டுப்பாடற்ற சந்தையில் விற்றவர்கள், சொன்ன தொகைகூடத் தரகர்கள் தரவில்லை; அரசே முறைப்படுத்தி, நியாயமான விலையும் தொடர் மருத்துவமும் கொடுத்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஏழைக்கு மட்டும் இல்லையா என்றும் கேட்டார். இரண்டு வாரம் என்னால் ஒரு வரியும் எழுத முடியவில்லை. பிறகு, மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் சென்னையில் விற்றவர்களைச் சந்தித்து 1999இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி கிடைத்தது. சிறுநீரகம் விற்பது வழக்கமாகிவிட்ட பகுதிகளில், கடன் கொடுத்தவர்கள் அதையே அடமானப் பொருள் போலக் கருதி நெருக்கத் தொடங்கினார்கள் என்பதை அவர் காட்டியிருந்தார். அப்படியென்றால், ஒரு பெண் விற்க முன்வரும்போது அவருக்கு ஒரு வழி திறக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. விற்க விரும்பாத பக்கத்து வீட்டுப் பெண்ணின் வழி அடைபடவும் செய்கிறது. விலை நியாயமாக இருந்தாலும் இது மாறாது. இதுதான் என் வாதமாக அமைந்தது. அது வலுவானதுதானா என்று எனக்கு இன்னும் ஐயம் உண்டு, அந்த ஐயத்தையும் கட்டுரையிலேயே எழுதினேன். விண்ணப்பத்தில் நான் மிகவும் மகிழ்ந்து எழுதிய பகுதி இதுதான்.

நோக்கக் கட்டுரையில் அந்த அம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கியபோது மொழி குறுக்கே வந்தது. ஒப்புதல் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தமிழுக்கு மாற்றப்பட்டு, சரிபார்ப்பதற்காக மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றப்படுகின்றன. இந்தச் சரிபார்ப்பில் எல்லாம் பொருந்தியே வரும். கேட்கிறவரின் காதில் என்ன விழுகிறது என்பது அதில் தெரியாது. மருந்துப் பொருள் இல்லாத ஒப்பீட்டு மாத்திரையை எங்கள் படிவம் ஒன்று போலி மருந்து என்று குறித்திருந்தது. போலி மருந்து என்றால் கடைத்தெருவில் பிடிபடுகிற கள்ள மருந்து. ஒரு பெரியவர், “இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில போலி மருந்தா குடுக்குறீக?” என்று எழுந்துவிட்டார். மருந்து ஆய்வை மருத்துவப் பரிசோதனை என்று எழுதினால், மக்கள் அதை ரத்தமும் சிறுநீரும் பார்க்கும் செக்கப் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பிரிவில் எதில் சேர்வார்கள் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும் என்றிருந்த இடத்தில் பரிசுச்சீட்டு நினைவுக்கு வந்து, “எனக்கு விழுந்துச்சா?” என்று ஆவலோடு கேட்டவர்கள் இருக்கிறார்கள். புது மருந்து விழுந்தால் பரிசு, விழாவிட்டால் ஏமாற்றம் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புது மருந்து நல்லதா கெட்டதா என்று தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது என்பது அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

போலி மருந்து என்பதை, பார்ப்பதற்கு அதே போல இருக்கும், மருந்துப் பொருள் எதுவும் இல்லாத மாத்திரை என்று மாற்றும்படி எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மருந்து நிறுவனமும் இசைய வேண்டும். பல வாரங்கள் ஆயின, மாற்றம் நடந்தது. ஆய்வைத் தனக்கான சிகிச்சை என்றே நோயாளி எண்ணிக்கொள்வதைப் பற்றி ஆப்பல்பாம், ராத், லிட்ஸ் என்ற மூவர் 1982இலேயே எழுதி, அதற்குச் சிகிச்சை மயக்கம் என்று பொருள்படும் ஒரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். நான் தனியாக, ஏதோ என் விளக்கத்தின் குறை என்று வருந்திக்கொண்டிருந்த ஒன்றுக்கு நான் பிறப்பதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது என்பது தந்த ஆறுதலை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. படிக்கப் போக வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் உறுதிப்பட்டது. நோக்கக் கட்டுரையின் நடுப்பகுதி முழுவதும் இந்த மூன்று தமிழ்ச் சொற்களைப் பற்றியதாக அமைந்தது. ஆங்கிலத்தில் படிக்கப்போகிறவர்களுக்குத் தமிழ்ச் சொல் எதற்கு என்று ஒரு தோழி கேட்டாள். என்னிடம் இருப்பது அதுதான், எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தமிழில்தான் ஒப்புதல் கொடுக்கிறார்கள் என்றேன்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதை நான் சற்றுப் பிழையாகவே தொடங்கினேன். பெயரெடுத்த பல்கலைக்கழகங்களின் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே வந்தேன். உயிரறவியல் முதுநிலைப் படிப்புகள் பெயரால் ஒன்றானாலும் உள்ளே வெவ்வேறானவை என்பது பாடத்திட்டங்களைப் படித்த பிறகுதான் தெரிந்தது. கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பி, படுக்கையருகே எழும் சிக்கல்களை நேரில் பார்க்கவைக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரப் பள்ளியோடு சேர்ந்து படிப்பு நடப்பதால் கொள்கை, மக்கள்தொகை என்ற கோணம் முன்னே நிற்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அது சமூக அறிவியலோடு பிணைந்திருக்கிறது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் படிப்பு 2015இல் தொடங்கியது. மருத்துவத்திலும் சட்டத்திலும் ஏற்கெனவே இருப்பவர்கள் பலர் அதில் சேர்கிறார்கள். தத்துவத்தை அடியிலிருந்து கற்க விரும்புகிறவர் போகும் இடமும், மருத்துவமனையில் அறநெறி ஆலோசகராக விரும்புகிறவர் போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என் கேள்வி மொழியையும் குடும்பத்தையும் கடனையும் பற்றியது என்பதால், சமூக அறிவியல் பக்கம் சாய்ந்த நான்கு இடங்களைத் தேர்ந்தேன்.

வெளிநாடு போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். மங்களூருவில் ஏனெபோயா பல்கலைக்கழகத்தின் அறநெறி மையம் இந்தத் துறையில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மும்பையிலிருந்து 1993 முதல் வெளிவரும் இந்திய மருத்துவ அறவியல் இதழை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்களும் அப்படியே கிடைக்கின்றன. விண்ணப்பிக்கிறீர்களோ இல்லையோ, ஒப்புதல் மேசையில் உட்காரும் ஒவ்வொருவரும் இவற்றை ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மதிப்பெண் சான்றுகளை வாங்க நான்கு முறை ஓர் அலுவலகத்துக்கு அலைந்ததையும் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் சேர்த்ததையும் எல்லாரும் பட்டிருப்பார்கள், விரிக்கவில்லை.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று கடிதங்கள் தேவை. மேடம் ஒன்று தந்தார், என் செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒன்று தந்தார். மூன்றாவதை நான் உடன் வேலை பார்த்த மூத்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்மேல் அன்புள்ளவர். “அதுக்கென்ன சிஸ்டர், நீங்களே எழுதிக் கொண்டாங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார். நம் ஊரில் இது எவ்வளவு இயல்பானது என்பது விண்ணப்பித்த எல்லாருக்கும் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளில் எண்பது நோயாளிகளைப் பார்க்கும் ஒருவர், இரண்டு பக்கம் எழுத எங்கே நேரம் தேடுவார்? அன்றிரவு உட்கார்ந்து என்னைப் பற்றி நானே எழுதத் தொடங்கினேன். இவர் கூர்மையான அறவுணர்வு கொண்டவர் என்ற வரியை எழுதியபோது கை நின்றுவிட்டது. படிக்காமல் கையெழுத்திடும் அவருக்கும், கேட்காமல் கைரேகை வைத்த அந்த அம்மாவுக்கும் என்ன வேறுபாடு என்று தோன்றியது. இரண்டு இடத்திலும் தாளை நீட்டுகிறவள் நான்தான்.

மறுநாள் அவரிடம் போய், என்னால் எழுத முடியவில்லை சார், எனக்குத் தயக்கமாக இருக்கிறது என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. கோபித்துக்கொண்டுவிட்டார் என்றே பயந்தேன். அவரோடு செய்த ஆய்வுகளின் பட்டியலையும், அவர் நினைவுகூரக்கூடிய இரண்டு மூன்று நிகழ்வுகளையும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அலைபேசியில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். அதைத் தட்டச்சுச் செய்தது வேறொருவர். அதில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. வெளியே நான்கு பேர் பணம் வாங்கிக்கொண்டு நோக்கக் கட்டுரையையும் கடிதங்களையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறார்கள். மற்ற துறைகளுக்கு அது சரியா தவறா என்று நான் வாதாடப் போவதில்லை. இந்தத் துறைக்கு அது கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

விண்ணப்பித்த நான்கு இடங்களில் இரண்டு மறுத்துவிட்டன, இரண்டு ஏற்றுக்கொண்டன. பணத்துக்காகப் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு ஆண்டு பணி அனுபவம் உள்ளவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம், படித்து முடித்தவர்கள் இரண்டு ஆண்டுகளாவது சொந்த நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பலருக்கு அது தடை. எனக்கு அது தேவை, ஏனென்றால் என் கேள்வி இங்கேதான் இருக்கிறது.

நோக்கக் கட்டுரையை அனுப்புவதற்கு ஒரு வாரம் இருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த அம்மாவின் கதையை எழுதுவதற்கு அவரிடம் நான் கேட்கவே இல்லை. பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை; ஆகவே சட்டப்படி சிக்கல் இல்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒப்புதலைப் பற்றி எழுதும் கட்டுரைக்கே ஒப்புதல் இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் அடுத்த வருகைக்கு வந்த நாளில், மருந்தெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, மகன் மருந்தகத்தில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “நான் மேல படிக்கப் போகணும்மா. அதுக்கு ஒண்ணு எழுதி அனுப்பணும். நீங்க கைநாட்டு வச்ச அன்னிக்கு நடந்ததை அதுல எழுதியிருக்கேன். எழுதலாமா?”

பதினான்கு பக்கத்துக்கு ஒரு கேள்வியும் கேட்காத அவர், அடுக்கடுக்காகக் கேட்டார். “யாரு படிப்பாக? எம் பேரு வருமா? என் கதையில என்ன இருக்குன்னு எழுதுன?” ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சற்றுக் குரலைத் தாழ்த்தி, “வேணாம்னு சொன்னா மருந்தை நிறுத்திருவீகளா?” என்றார்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்று நாற்பது நிமிட விளக்கத்தில் மூன்று முறையாவது சொல்லியிருந்தேன், சாட்சியும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடனே பேச வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த மாட்டோம், ஆய்விலிருந்தே நீங்கள் விலகினாலும் நிறுத்த மாட்டோம் என்று மறுபடியும் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். அலைபேசியிலிருந்த பத்தியைத் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கேள்வி இருக்கிறதா என்று நான் கேட்டதும் அவர் உடனே விரல் வைக்க முன்வந்தார் என்று எழுதியிருந்த இடத்தில் தடுத்தார்.

“உடனே இல்ல தாயி. நான் எம்மவன் மூஞ்சியைப் பாத்தேன். அவன் மணியைப் பாத்தான். மூணு மணி பஸ்ஸை விட்டா ஆறு மணிக்குத்தான் அடுத்தது.”

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. படிவத்தின் பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதிக்கோ, அதையும் சேர்த்து எழுதிக்கோ என்றார். பிறகு இந்தக் கட்டுரைக்காகவும் அவரிடம் கேட்டேன். அதற்கும் அவர் மூன்று கேள்விகள் கேட்டபிறகே சரி என்றார். அன்றிரவு உடனே என்ற சொல்லை எடுத்துவிட்டு, அவர் மகனைப் பார்த்ததையும் மகன் மணியைப் பார்த்ததையும் எழுதினேன். ஆய்வையா என்னையா என்ற என் கேள்வியில் மூன்றாவதாக ஒரு பேருந்தும் சேர்ந்துகொண்டது. கட்டுரை சொல் வரம்பைத் தாண்டியது, பாட்டியைப் பற்றி மிச்சமிருந்த இரண்டு வரிகளை நீக்கினேன்.

இப்போது படிவத்தைத் திறப்பதற்கு முன்பு, ஊருக்குத் திரும்ப எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டுக்கொள்கிறேன். நேரம் போதாது என்றால், படிவத்தைக் கையில் கொடுத்து, இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.